வேட்டிக்குள் விளக்கு: ஒரு மாணவியின் விளம்பரப் படச் சோதனைகள்

முதல் நாள் எடுத்த 42 படங்களிலும் குத்துவிளக்கின் தண்டில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. களிம்பு பிடித்திருக்கிறது என்று நினைத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து மறுபடி எடுத்திருக்கிறாள். கோடு அதே இடத்தில் இருந்தது. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது களிம்பு இல்லை. அவள் போட்டிருந்த சுடிதார்.

கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம்; எனக்குச் சோறு போடுவது இவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேருக்கு லைட்டிங் சொல்லிக்கொடுப்பேன். அப்படி வந்தவள்தான் இந்த மாணவி. விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், கடைசி வருஷம். ஒரு பொருளையும், அந்தப் பொருளோடு தொடர்புடைய ஒரு மனிதரையும் விளம்பரத்துக்கு ஆகும்படி படமெடுத்துத் தரவேண்டும். அதுதான் கல்லூரி கொடுத்த ப்ராஜெக்ட். அவள் எடுத்துக்கொண்டது நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அதைச் செய்கிற ஒரு பத்தர். எட்டு வாரம் அவள் பட்ட பாட்டையும், நடுவில் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். யாருடைய பெயரும் இதில் வராது.

பத்தருக்கு என்ன வேண்டும்

நாச்சியார்கோவில், கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கல் கருடனைச் சேவிக்க வருவார்கள். திரும்பும்போது கடைத்தெருவில் விளக்கு விலை கேட்பார்கள். இந்த ஊர் விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விளக்கு ஒரே வார்ப்பாக வருவதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் பிரபை என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கி நிறுத்துகிறார்கள். அச்சுக்குக் காவிரிப் படுகையின் வண்டல் மண். அந்த மண் இருப்பதால்தான் தொழில் இங்கே வேர்விட்டது என்பார்கள். பிரபையில் பெரும்பாலும் ஓர் அன்னம் உட்கார்ந்திருக்கும்.

பத்தருக்கு வேண்டியது இரண்டு. இணையத்தில் விற்க, விளக்கு மட்டும் தனியாக நிற்கும் படம். கண்காட்சிகளில் கொடுக்க ஒரு மடிப்பு நோட்டீஸ், அதில் விளக்கும் அவரும். அதுவரை அவர் மகன் செல்போனில் எடுத்த படங்களை வைத்துத்தான் வியாபாரம். மொசைக் தரை, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் காயும் ஈரத்துண்டு. அந்தப் படங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

அவளிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கிராப் சென்சார் கேமரா (சென்சார் 35 எம்எம் ஃபிலிமைவிடச் சின்னது), அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாகச் சேர்த்த காசில் ஒரு 50 எம்எம், ஒரு ஃப்ளாஷ். மற்றதெல்லாம் என் ஸ்டூடியோவிலிருந்து போனது.

பித்தளை

பித்தளையைப் படமெடுக்கிறோம் என்பது பேச்சுக்குத்தான். துலக்கிய பித்தளைக்கென்று தனியாக ஒரு தோற்றம் கிடையாது. சுற்றியிருப்பதை வாங்கி மஞ்சளாக்கித் திருப்பிக் காட்டுகிறது. சுடிதார் அப்படித்தான் உள்ளே நுழைந்தது. தட்டையான பரப்பு என்றால் தப்பிக்க வழி உண்டு. கேரம் ஆடியவர்களுக்கு இது தெரியும்: ஸ்ட்ரைக்கர் எந்தச் சாய்வில் கட்டையில் போய் மோதுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். ஒளியும் அதே கணக்குத்தான். கேமராவுக்குத் திரும்பி வரும் ஒளி எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஓர் இடத்தைச் சுத்தமாக வைத்தால் போதும். குத்துவிளக்கின் தண்டோ குமிழ் குமிழாக வளைகிறது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் அறையே சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல், ட்யூப் லைட், மின்விசிறி, கேமரா, கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஆள், எல்லாம்.

நான் சொன்ன முதல் யோசனை தவறு. லென்ஸுக்கு முன்னால் போலரைசர் ஃபில்டர் மாட்டிப் பார் என்றேன். கண்ணாடி அலமாரி, குளத்துத் தண்ணீர், வார்னிஷ் அடித்த மேசை இவற்றின் பளபளப்பை அது வெட்டும். அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில், ஒரே தளத்தில் மட்டும் அதிர்கிற ஒளியாகிவிடுகிறது. அதனால் ஃபில்டரால் அதை மறிக்க முடிகிறது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அப்படிப் பிடி கொடுக்காது. அவள் ஃபில்டரை முழுச் சுற்றுச் சுற்றியும் தண்டு மின்னிக்கொண்டேதான் இருந்தது. படம் மொத்தமும் இருண்டதுதான் மிச்சம். “சார், இது வேலை செய்யலை” என்று இரண்டாம் முறை அவள் சொன்ன பிறகுதான் நானே மாட்டிப் பார்த்தேன்.

அடுத்தது கூடாரம். நகை, பாத்திரம் எடுக்கிறவர்கள் பொருளைச் சுற்றி வெள்ளைத் துணிக்கூண்டு கட்டுவார்கள். வெளியே ஃப்ளாஷை அடித்தால் துணி முழுக்க ஒளிரும். பொருள் துணியைத்தான் பிரதிபலிக்கும், அறையை அல்ல. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் கூண்டு சின்னது. விளக்கு 36 அங்குலம். அவள் தாத்தாவின் எட்டு முழ வேட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து மூங்கில் கழிகளில் கட்டினாள். முதல் படத்தில் தண்டின் மேல் மறுபடி ஒரு பச்சைக் கோடு. இந்தத் தடவை வேட்டிக் கரை! கரையை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தினாள். அதற்கடுத்து இன்னொன்று: வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு அது பளீர் வெள்ளை. பித்தளையில் அந்த நீலம் கலந்ததும் விளக்கு லேசாகப் பாசி நிறத்துக்குப் போனது. சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமரா போடும் கணக்கை, திருத்திச் சரிசெய்தாள். நீலம் போடாத பழைய வேட்டி இருந்தால் அது இன்னும் நல்லது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

கூடாரத்துக்குள் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. பத்தரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாப்பா, இது பித்தளையா? பிளாஸ்டிக் மாதிரில இருக்கு.”

அவர் சொன்னது சரி. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை என்றால் உலோகம் உலோகமாகத் தெரியாது. மஞ்சள் பெயின்ட் அடித்த மரம் மாதிரி ஆகிவிடும். வெளிச்சமான இடத்துக்குப் பக்கத்திலேயே இருட்டு இருந்தால்தான் கண் அதை உலோகம் என்று ஒப்புக்கொள்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அமேசான் மாதிரித் தளங்களில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்ற உச்ச அளவில் இருக்கவேண்டும்; பொருள் சட்டகத்தில் குறைந்தது 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும்; பக்கத்தில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளைக் கூண்டுக்குள் நிற்கும் பித்தளையின் ஓரங்களும் வெள்ளையைப் பிரதிபலிக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் அந்த ஓரங்கள் கரைந்துபோய், விளக்கு இடுப்பில் அரிக்கப்பட்ட மாதிரி நின்றது.

இதற்கு மருந்து ஸ்டேஷனரிக் கடையில் கிடைத்தது. கருப்பு சார்ட். விளக்குக்கு இருபுறமும், சட்டகத்துக்கு வெளியே ஒட்டினாற்போல, நீளமான கருப்புப் பட்டைகளை நிறுத்தினாள். தண்டின் விளிம்பில் அந்தக் கருப்பு மெல்லிய கோடாக விழுந்து ஓரத்தை வரைந்துகொடுத்தது. பட்டையின் அகலம் பற்றி அவள் செய்த சோதனைகள்தான் இந்த ப்ராஜெக்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2 அங்குலத்தில் கோடு இழைபோல. சின்னப் படமாகப் பார்த்தால் காணாமல் போகிறது. 8 அங்குலத்தில் விளக்கே துக்கம் அனுஷ்டிக்கிற மாதிரி. 4 அங்குலத்தில் நின்றாள். ஆனால் எண்ணெய்த் தட்டு தண்டைவிட அகலம். அதன் விளிம்புக்கு அதே பட்டை போதவில்லை. அந்த உயரத்தில் மட்டும் பட்டையை அரைவட்டமாக வெட்டி, தட்டுக்கு நெருக்கமாக வளைத்தாள். இதை நான் சொல்லித்தரவில்லை.

பிறகு கூடாரத்தின் ஒரு பக்க வேட்டியைக் கழற்றிவிட்டு, அங்கே ட்ரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டு, ஃப்ளாஷை அதற்கு அருகில் கொண்டுபோனாள். ஃப்ளாஷ் தூரத்தில் இருந்தால் பேப்பர் முழுக்க ஒரே சீராக ஒளிரும். பக்கத்தில் வைத்தால் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும். அந்த இறக்கம் அப்படியே தண்டில் விழுந்தது: ஒரு பக்கம் பளிச்சென்று தொடங்கி, வளைவோடு மெதுவாக இறங்கி, கருப்புக் கோட்டில் போய் முடிந்தது. கடைசல் பிடித்த ரேகைகள் அப்போதுதான் படத்துக்கு வந்தன. பத்தர் படத்தைப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றெல்லாம் சொல்லவில்லை. தண்டின் மூன்றாம் குமிழைச் சுட்டி, “இங்க கடைசல் கொஞ்சம் ஏறிப்போச்சு” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?

மிச்சமிருந்தது லென்ஸின் கருப்புப் புள்ளி. கூடாரத்தில் கேமராவுக்கு விட்ட இடுக்கு ஒவ்வொரு குமிழிலும் ஒரு மிளகு மாதிரி தெரிந்தது. கிட்ட நின்று 50 எம்எம்மில் எடுப்பதை விட்டுவிட்டு, என் 70-200 லென்ஸை வாங்கி, அறைக்கு வெளியே நடையில் நின்று எடுத்தாள். தள்ளிப்போகப் போகப் பிரதிபலிப்பில் கேமரா சிறுத்தது, மிளகு கடுகானது. கடுகைக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம். அபர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் 11. அதற்குமேல் மூடினால் முன்னும் பின்னும் கூர்மை கூடும் என்று தோன்றும். ஆனால் சின்னத் துளை வழியே வரும் ஒளி சிதறுவதால் மொத்தப் படமும் மெத்தென்றாகிவிடும். எஃப் 22-இல் ஒன்று எடுத்துப் பார்த்து அவளே அதைத் தெரிந்துகொண்டாள்.

ஏற்றிய விளக்கு

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பத்தரின் மனைவி ஒருநாள் கேட்டார்: “வெளக்குன்னா எரிய வேணாமாம்மா?”

நோட்டீஸின் முதல் பக்கத்துக்கு ஏற்றிய விளக்கு என்று முடிவானது. ஐந்து முகம், நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. ஃப்ளாஷை மட்டும் நம்பி 1/200 நொடியில் எடுத்தால் சுடர் வெறும் மஞ்சள் பொட்டு. சுடரை மட்டும் நம்பினால் தண்டு இருட்டு. இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ஃப்ளாஷின் வெளிச்சம் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கில் வந்து போய்விடுகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை, அபர்ச்சர்தான் அதன் அளவைத் தீர்மானிக்கும். சுடரோ தொடர்ந்து எரிகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அது படத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அபர்ச்சரை எஃப் 8-இல் நிறுத்தி, ஃப்ளாஷின் வலிமையை அதற்கேற்பக் குறைத்து, ஷட்டரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தாள். 1/60 போதவில்லை. 1/4-இல் சுடர்கள் ஆடிக் குழைந்தன. 1/15-இல் சுடருக்கு வடிவமும் இருந்தது, தட்டின் உள்விளிம்பில் அதன் சூடான நிறமும் விழுந்தது.

நிறம் தனி வழக்கு. ஃப்ளாஷ் ஏறத்தாழ 5500 கெல்வின், எண்ணெய்ச் சுடர் 2000-க்கும் கீழே. சுடரோடு ஒத்துப்போகட்டும் என்று ஃப்ளாஷுக்கு முழு ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) போட்டாள். பித்தளை, சுடர், பின்சுவர் மூன்றும் ஒரே சாம்பார் நிறம். பாதி ஜெல்லில் தண்டு பித்தளையாகவும் சுடர் அதைவிடச் சூடாகவும் பிரிந்து நின்றது.

நடைமுறைத் தொல்லைகள் இதைவிட அதிகம். மின்விசிறி போட முடியாது; மே மாதம். திரி கொஞ்சம் நீண்டாலும் புகை மேலேறி அன்னத்தின் வயிற்றில் கரி பிடிக்கும். கரியைத் துடைக்க விளக்கை அமர்த்த வேண்டும். முதல் தடவை அவள் வாயால் ஊதப்போனாள். “ஊதாதே, ஊதாதே!” என்று அந்த அம்மாள் ஓடிவந்து, ஒரு பூவால் திரியைப் பின்னுக்கு இழுத்து மலையேற்றினார். அதற்குப் பிறகு பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் பூ இருந்தது. பூ இருந்த கிண்ணம் எவர்சில்வர் என்பதும் அது இரண்டு படங்களில் தட்டின் அடியில் பிரதிபலித்தது என்பதும் உபரித் தகவல்.

முகம்

பத்தரின் படத்தில் முதல் கோளாறு என்னுடையது. ஸ்டூடியோவுக்கு வாருங்கள் என்றேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் பவுடர் என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல இரண்டு பக்கமும் இரண்டு குடைகளை வைத்தேன். முகத்தில் எங்கும் நிழல் இல்லை, எங்கும் ஆளும் இல்லை. பவுடர் பட்ட கன்னம் சாம்பல் பூத்திருந்தது. மாணவி தன் பங்குக்கு 18-55 லென்ஸை 24-இல் வைத்து முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். மூக்கு முன்னால் வந்தது, காது பின்னால் போனது. அதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை. ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்தால் நம் கண்ணுக்கும் மூக்கு பெரிதாகத்தான் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 50 எம்எம்மில் எடுத்தபோது முகம் முகமாயிற்று. அவள் கேமராவின் 1.5 கணக்கில் அது 75-க்குச் சமம்.

படத்தைப் பார்த்த அவர் மகன் கேட்டதுதான் இரண்டாவது கோளாறு. “அப்பாவைக் கொஞ்சம் கலராக் காட்ட முடியுமா?”

தமிழில் ‘கலர்’ என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷமாக ஆல்பங்களில் நான் அதைத்தான் செய்துவந்திருக்கிறேன். மணப்பெண் எந்த நிறமாக இருந்தாலும் அச்சில் ஒரே கோதுமை நிறம். 2020-இல் ஒரு முகப்பூச்சு தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. கணினியில் முகத்தை வெளுப்பாக்கும் எங்கள் ஸ்லைடர் மட்டும் இறங்கவில்லை. நான் பதில் சொல்வதற்கு முன்பே மாணவி, “பட்டறையில ஒருதரம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேண்ணா” என்று சொல்லி முடித்துவிட்டாள்.

பட்டறை இருட்டு. உலைப் பக்கம் கரி ஏறிய சுவர், கிழக்கே ஒரே கதவு. கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் அதைச் சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் பரப்பு என்றே வைத்துக்கொள்ளும். கருப்புச் சுவர், கறுத்த மேனி, இரண்டையும் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றியது. பத்தரின் முகம் வெளிறியது; கதவுப் பக்கம் வெறும் வெள்ளையாகிப்போனது. எக்ஸ்போஷரை ஒன்றேகால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்ததும் சுவர் சுவரானது, ஆனால் முகம் இருட்டில் தங்கிவிட்டது. சரி என்று நேராக ஃப்ளாஷை அடித்தாள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி. மற்ற இடமெல்லாம் தட்டை.

அந்தப் படத்தைக் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தவள், “சார், இது தண்டு மாதிரியே இருக்கு” என்றாள்.

எனக்கு இந்த வயதுவரை தோன்றாதது. தோலிலிருந்து கேமராவுக்கு இரண்டு விதமாக ஒளி வருகிறது. ஒன்று தோலுக்குள் போய்ச் சிதறி நிறத்தோடு வெளியே வருவது. மற்றது வியர்வையும் எண்ணெயும் உள்ள மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்புவது. வெளுத்த தோலில் முதல் வகை மிகுந்து மற்றதை மூழ்கடித்துவிடும். கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு. அதனால் மேற்பரப்பின் மினுமினுப்புதான் கன்னத்தின் மேட்டையும் தாடையின் வளைவையும் சொல்கிறது. வெளிச்சத்தை ஏற்றிப் பயனில்லை. அந்த மினுக்கம் எவ்வளவு அகலமாக, எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பவுடர் போட்டு நாங்கள் முதலில் அழித்ததே அதைத்தான்.

வேட்டி மறுபடி வந்தது. கிழக்குக் கதவில் அதைக் கட்டினாள். கதவு முழுக்க ஒரே ஒளிப்பலகை. பத்தரை அதற்குப் பக்கவாட்டில், மனைப்பலகையில் உட்காரவைத்தாள். மறுபுறம் அதே கருப்பு சார்ட், தாடை விளிம்புக்கு. ஃப்ளாஷ் இல்லை. முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, அதிலிருந்தும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். கன்ன எலும்பில் நீண்டு மெலிந்த ஒரு வெளிச்சம் விழுந்து, காதுப் பக்கம் இறங்கி, இருட்டில் கலந்தது. ஒரு மாதத்துக்கு முன் தண்டில் விழுந்த அதே இறக்கம். கேமராவைப் பார்க்கச் சொன்னால் விறைத்துப்போகிறார் என்பதால் கையில் ஒரு தண்டைக் கொடுத்தோம். மரையை முறுக்கிப் பார்த்தார். எங்கோ இறுகியது, முகம் அதில் போய்விட்டது. பதின்மூன்றாவது படம்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. ஃபிலிம் காலத்தில் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் சிரிப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். அட்டைக்கே ஷெர்லி கார்டு என்று பெயர் வந்துவிட்டது. அவள் தோல் சரியாக வந்தால் ஃபிலிம் சரி. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டுமாக வந்தாலும் அதை யாரும் ஃபிலிமின் குறையாக எண்ணவில்லை. கோடாக் பின்னாளில் பழுப்பு நிறங்களைத் திருத்தியதற்கு ஒரு காரணம், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகார். பால் சாக்லேட்டுக்கும் கருப்புச் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மரத்தின் நிறம் உள்ளபடி வரவில்லை என்றார்கள். மனிதர்கள் கேட்டுக் கிடைக்காததைப் பண்டங்கள் கேட்டு வாங்கிக்கொடுத்திருக்கின்றன. இதை அவளிடம் சொன்னபோது சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மகன் பட்டறைப் படத்தைப் பார்த்தார். ‘கலர்’ பற்றி அப்புறம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார், பின்னால் தெரியும் காலண்டரை எடுத்துவிட முடியுமா என்று.

எதை அழிப்பது

காலண்டரை அழித்தாள். விளக்கில் கைரேகையையும் தூசியையும் லென்ஸ் புள்ளிகளையும் அழித்தாள். அடிப்பாகத்தில் வார்ப்பில் விழுந்த சின்னக் குழிகள் இரண்டு இருந்தன; அவற்றையும் அழிக்கப் போனபோது தடுத்தேன். கையால் வார்க்கும் எல்லா விளக்கிலும் அது இருக்கும்; வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும் விளக்கிலும் இருக்கும். அமெரிக்காவில் கேம்பெல் கம்பெனி, காய்த்துண்டுகள் மேலே மிதந்து நிறையத் தெரியட்டும் என்று சூப் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டு போட்டு விளம்பரம் எடுத்து மாட்டிக்கொண்டது. 1970-இல், இனி செய்ய மாட்டோம் என்று அரசு ஆணையத்திடம் ஒப்புக்கொண்டுதான் விஷயத்தை முடித்தது. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு அபராதம் வைத்திருக்கிறது. பத்தருக்குச் சட்டத்தைவிட வேறொரு கவலை: “குழியில்லாத வெளக்கைக் காட்டினா, அப்பறம் குழியில்லாத வெளக்கைத்தான கேப்பான்?”

அளவுப் பிரச்சினையை நாங்கள் யாருமே முன்கூட்டி யோசிக்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் 36 அங்குல விளக்கும் 9 அங்குல விளக்கும் அச்சு அசல் ஒன்றே. அங்குலத்தைக் கீழே எழுதியிருந்தும், பெரிய விளக்கு என்று நினைத்துச் சின்னதை வாங்கியவர் ஒருவர் போனில் சண்டை பிடித்திருக்கிறார். மகன் எடுத்த பழைய படங்களில் இந்தக் குழப்பமே இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்ததே! முதல் படத்தில் வேறு பொருள் வரக்கூடாது என்றாலும் இரண்டாவது படத்துக்கு அந்தத் தடை இல்லை. அவள் விளக்கின் அருகில் ஒரு தேங்காயை வைத்தாள். தேங்காய் எவ்வளவு பெரிது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதிப்பெண்

என்னைக் கேட்டிருந்தால் ஓர் இடத்தில் குறைத்திருப்பேன். நோட்டீஸின் உள்பக்கத்தில் பத்தரும் ஏற்றிய விளக்கும் சேர்ந்திருக்கும் படம் இரண்டு தனிப் படங்களை ஒட்டியது. விளக்கின் சுடர் அவர் முகத்தில் விழவில்லை. கதவு வெளிச்சம் இடப்பக்கம், சுடர் வலப்பக்கம்; பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். மாலை ஆறரைக்கு, கதவில் மிச்ச வெளிச்சம் இருக்கும்போதே விளக்கை ஏற்றி ஒரே படமாக எடுத்திருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். இரண்டு நாள் முயன்றாள். ஒருநாள் மழை, ஒருநாள் பத்தர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

அச்சு இன்னொரு அடி. திரையில் தகதகத்த பித்தளை நான்கு மையில் அச்சாகி வந்தபோது கடுகுத் துவையல். திரை காட்டும் அந்த மஞ்சளை மையால் எட்ட முடியாது. ப்ரூஃப் வாங்கிப் பார்க்காதது எங்கள் பிழை. இரண்டாம் அச்சுக்கு நீலத்தையும் கருப்பையும் விளக்குப் பகுதியில் குறைத்துக் கொடுத்தாள், ஓரளவு மீண்டது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை, படிக்கிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதால். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு, பணமோ பணமதிப்புள்ள பொருளோ கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அவள் பணம் வாங்கவில்லை. ஆனால் கடைசி நாள் பத்தர் ஒரு 9 அங்குல விளக்கைக் கையில் கொடுத்து அனுப்பினார். அது கூலியா, ஆசீர்வாதமா? ஒரு வெள்ளைத்தாளில், படங்களை அவர் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், இவள் தன் தொகுப்பில் காட்டலாம், அவர் முகத்தை வேறு எந்த விளம்பரத்துக்கும் கொடுக்கக்கூடாது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து நான்.

போன வாரம் ஒரு பாத்திரக் கடைக்காரர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அறுபது உருப்படி, எல்லாம் எவர்சில்வர். பித்தளையாவது எதையும் மஞ்சளாக்கி மறைக்கும்; எவர்சில்வர் உள்ளதை உள்ளபடியே காட்டிக்கொடுக்கும். எவ்வளவு கேட்கலாம் என்று என்னிடம் வந்தாள். உருப்படிக்கு ஒரு விலை சொன்னேன். அதற்கு இரண்டு மடங்கு கேட்டுவிட்டு, தாத்தாவிடம் இன்னும் இரண்டு வேட்டி வாங்கப் போயிருக்கிறாள், கரையில்லாததாக.